பீரங்கி வாங்க யாருடைய பென்சன்?

(பெரியகுளத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இராணுவ பட்ஜெட் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் கொஞ்சம் தயங்கினார். "சாதி ஒழிப்பு பேசுற மேடையில பீரங்கியும் விமானமும் எதுக்கு தோழர்? அது டெல்லிக்காரங்க கவலைதானே?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, லோயர் கேம்ப் வரை போனால் போதும்.

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படம் மாட்டிய வீடுகளும் கடைகளும் ஏராளம். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறோம். அவர் ஓர் இராணுவப் பொறியாளர் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை வேலையில் மெட்ராஸ் பயோனியர்ஸ் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன் சிப்பாய்களும் ஈடுபட்டார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பயோனியர்ஸ் என்றால் மண்வெட்டியும் கோடரியும் ஏந்திய படை. பாதை வெட்டுவது, பாலம் கட்டுவது, காடு அழிப்பது அவர்கள் வேலை. மலேரியாவும் காலராவும் ஆளைத் தின்ற அந்தக் காட்டில் கூலித் தொழிலாளிகளோடு அந்தச் சிப்பாய்களும் நின்றார்கள். சென்னை மாகாணப் படையின் இத்தகைய பிரிவுகளில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் கணிசமாக இருந்தார்கள்.

அந்தப் பட்டாலியன்களின் வழியில் வந்த மெட்ராஸ் பயோனியர்ஸ் படைப்பிரிவு 1933இல் கலைக்கப்பட்டது. இப்படி ஒரு படையைத் தனியாக வைத்துக்கொள்வது செலவு என்று கணக்குப் போட்டார்கள். நான் இன்று பேச வந்தது இந்தக் கணக்கைப் பற்றித்தான். படைக்குப் பணம் போதவில்லை என்று அரசு சொல்லும்போது, முதலில் யார் பெயருக்கு நேராகக் கோடு கிழிக்கப்படுகிறது?

போர் வந்தால் வா, பஞ்சம் வந்தால் போ

இது 1933இல் மட்டும் நடந்தது அல்ல. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். தெற்கத்தி மக்களுக்குப் போர்க்குணம் கிடையாது, வடமேற்குப் பகுதியைச் சேர்ந்த சில குழுக்களே பிறவி வீரர்கள் என்று உறுதியாக நம்பியவர். 'போர்க்குடிகள்' என்ற இந்தக் கோட்பாட்டின்படி சென்னைப் படையின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து பம்பாய்ப் படையில் சண்டையிட்ட மக்களைப் பார்த்து, உங்களுக்கு வீரம் போதாது என்று ஒரே உத்தரவில் சொன்னார்கள்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஆள் பற்றாக்குறை. 1917இல் மகர்களுக்கென்று ஒரு பட்டாலியன் திரட்டப்பட்டது. போர் முடிந்ததும் 1921இல் அது கலைக்கப்பட்டது. 1922-23இல் இஞ்ச்கேப் பிரபு தலைமையிலான சிக்கனக் குழு இராணுவச் செலவைக் குறைக்கச் சொன்னது. அந்தப் பத்தாண்டில் மெட்ராஸ் காலாட்படை பட்டாலியன்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 1928க்குப் பிறகு காலாட்படையில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயரே இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடியும் கூப்பிட்டார்கள். 1941இல் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் உருவானது, 1946இல் அது கலைக்கப்பட்டது.

போர் வந்தால் வா, பஞ்சம் வந்தால் போ. ஒடுக்கப்பட்ட மக்களோடு இராணுவம் வைத்திருந்த உறவு இதுதான். பண்ணையார் தன் வயலில் அறுவடைக்குக் கூப்பிட்டுவிட்டு, களம் காலியானதும் துரத்திவிடுகிற அதே உறவு.

ஓய்வூதியம் செய்த வேலை

இராணுவத்தைப் போற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. காலனிய இராணுவம் யாருக்காகச் சண்டை போட்டது என்று நமக்குத் தெரியும். இன்றைய இராணுவத்தைப் பற்றி காஷ்மீரிலும் வடகிழக்கிலும் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு உண்மையைத் தள்ளிவிட முடியாது. நிலம் இல்லாத, கோயிலுக்குள் நுழைய முடியாத, பள்ளிக்கூடத்தில் வெளியே உட்கார வைக்கப்பட்ட மக்களுக்கு, சாதித் தொழிலுக்கு வெளியே மாதச் சம்பளம் தந்த மிகச் சில இடங்களில் படையும் ஒன்று.

அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் என்ற இராணுவக் குடியிருப்பில். அப்பா ராம்ஜி சக்பால் படையில் சுபேதார், இராணுவப் பள்ளியில் ஆசிரியர். படையில் இருந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைத்ததால்தான் அந்தக் குடும்பத்துக்குள் எழுத்து வந்தது. ராம்ஜி ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வந்த ஓய்வூதியம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். பிள்ளையை பம்பாய்க்குக் கூட்டிப் போய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் துணிச்சல் அந்தப் பின்புலத்தில் வந்தது. மேதைமை அம்பேத்கருடையது. ஆனால் அந்த மேதைமை பள்ளிக்கூட வாசலை எட்டுவதற்கு ஒரு சுபேதாரின் சம்பளமும் ஓய்வூதியமும் தேவைப்பட்டன.

நம் ஊர்ப் பக்கமும் இதைப் பார்க்கலாம். சேரியில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீட்டுக்குப் பெயர் இருக்கும். முதலில் தளம் போட்ட வீடு பெரும்பாலும் அதுதான். அந்த வீட்டுப் பிள்ளை காலேஜ் போயிருக்கும். பொதுக்கிணறு, சுடுகாட்டுப் பாதை என்று ஏதாவது பிரச்சினை வந்தால், தாசில்தார் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசக்கூடிய ஆளாக அவர் இருப்பார். அந்தத் துணிச்சலுக்குச் சீருடை பாதிக் காரணம் என்றால், மாதம் பிறந்தால் வருகிற பென்சன் மீதிக் காரணம். யாருடைய தோட்டத்திலும் கூலிக்கு நிற்க வேண்டியதில்லை என்பதால்தான் அவரால் நிமிர்ந்து பேச முடிந்தது.

ஓய்வூதியம் ஒரு தலைமுறையின் உழைப்பை அடுத்த தலைமுறையின் படிப்பாக மாற்றித் தருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய பட்ஜெட்டைப் பார்ப்போம்.

நூறு ரூபாயில் யாருக்கு எவ்வளவு

2025-26 நிதியாண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். இதை நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆயுதம், விமானம், கப்பல் வாங்கும் மூலதனச் செலவுக்கு ஏறத்தாழ 26 ரூபாய். சம்பளம், சாப்பாடு, எரிபொருள், பராமரிப்பு போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு 46 ரூபாய். ஓய்வூதியத்துக்கு 24 ரூபாய். தொகையாகச் சொன்னால் 1,60,795 கோடி. மீதி 4 ரூபாய் அமைச்சகத்தின் பிற அமைப்புகளுக்கு.

நிர்வாகத்தில் இருப்பவர்களின் வாதம் இதுதான்: ஓய்வூதியம் ஏறிக்கொண்டே போகிறது, நவீன ஆயுதம் வாங்கப் பணம் மிஞ்சவில்லை, ஆகவே ஆள் செலவைக் குறைக்க வேண்டும். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2018இல் இராணுவத் துணைத் தளபதி நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் முன் சொன்ன கணக்கைப் பாருங்கள். இராணுவத்தின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை, 24 விழுக்காடு இக்காலத்துக்கு உரியவை, 8 விழுக்காடு மட்டுமே அதிநவீனமானவை. அந்த ஆண்டு நவீனமயத்துக்கு ஒதுக்கிய 21,338 கோடி, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டிய 29,033 கோடிக்கே போதவில்லை என்றும் அவர் சொன்னார்.

பழைய கருவியோடு அனுப்பினால் சாகப்போவதும் நம் வீட்டுப் பிள்ளைதான். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை சியாச்சின் போன்ற உயர் பனிமலைப் பகுதிகளில் இருக்கும் வீரர்களைப் பற்றிப் பேசியது. பனிக்கண்ணாடிக்கு 62 முதல் 98 விழுக்காடு வரை தட்டுப்பாடு. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனிமலைக் காலணிகள் வாங்கப்படவில்லை. மாற்று உணவுப் பொருள்களைக் கொடுத்த விதத்தில் கிடைக்க வேண்டிய கலோரி 82 விழுக்காடு வரை குறைந்திருந்தது. மேடையில் 'ஜெய் ஜவான்' முழங்கிய அதே ஆண்டுகளில் ஜவானின் காலுக்குப் பூட்ஸ் இல்லை.

ஆகவே நவீனமயம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடியும் காலணியும் நல்ல துப்பாக்கியும் வீரரின் நலனில் சேர்ந்தவைதான். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. ஒன்றிய அரசு கண்டுபிடித்த பதில்: இனி சேரப்போகிற பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த பையன்கள் தலையில்.

அக்னிபாத் கணக்கு

2022 ஜூன் 14 அன்று அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினேழரை வயதுக்கு மேற்பட்ட இளைஞர்கள் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுவார்கள். அதில் ஆறு மாதம்வரை பயிற்சி. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் மட்டும் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். நூற்றில் 75 பேர் வீட்டுக்கு வரவேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. ஆகவே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை, மிலிட்டரி கேன்டீன்கூட இல்லை.

"பதினோரு லட்சம் தர்றாங்கள்ல?" என்பார்கள். இங்கே அதிகாலையில் மைதானத்தில் 1,600 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிற தம்பிகளிடம் பேசினால் முதலில் வருவது இந்தத் தொகைதான். அதை உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம்.

முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000. இரண்டாம் ஆண்டு 33,000, அடுத்து 36,500, நான்காம் ஆண்டு 40,000. ஒவ்வொரு மாதமும் 30 விழுக்காடு பிடித்துக்கொள்கிறார்கள். நான்கு ஆண்டில் பிடித்தது 5.02 லட்சம். அரசு அதே அளவு போடுகிறது. வட்டியோடு சேர்த்து 11.71 லட்சம் 'சேவா நிதி' என்று கைக்கு வருகிறது. அதாவது அதில் ஏறத்தாழ பாதி அவனுடைய சொந்தச் சம்பளம். அந்த 11.71 லட்சத்தை அப்படியே வங்கியில் போட்டு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி வாங்கினாலும் மாதம் 6,800 ரூபாய்தான் கிடைக்கும். அதுவும் அக்காள் கல்யாணம், அப்பாவின் கடன், ஒழுகுகிற கூரை இவற்றில் ஒன்றுக்கும் அந்தப் பணத்தைத் தொடாமல் இருந்தால்.

இன்னொன்று. பணியில் உயிரிழந்தால் 48 லட்சம் காப்பீடும், பணியின் காரணமாக நேர்ந்த மரணமென்றால் மேலும் 44 லட்சம் கருணைத் தொகையும், மீதமுள்ள காலத்துக்கான சம்பளமும் கிடைக்கும். தொகை சிறியதல்ல. ஆனால் நிரந்தர வீரர் இறந்தால் குடும்பத்துக்கு மாதா மாதம் வரும் குடும்ப ஓய்வூதியம், அக்னிவீரரின் தாய்க்குக் கிடையாது. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டில் இருவர் இறந்தால், ஒரு வீட்டுக்கு ஆயுள் முழுக்கப் பென்சன், இன்னொரு வீட்டுக்கு ஒரு காசோலை.

இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது?

இவ்வளவையும் ஏன் செய்கிறார்கள்? பணத்தை மிச்சம் பிடித்து நவீன ஆயுதம் வாங்க என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இந்த வாதம் தன் சொந்தக் கணக்கிலேயே நிற்கவில்லை.

முதலாவது, இன்றைய ஓய்வூதியச் செலவு ஏற்கெனவே ஓய்வு பெற்ற வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உரியது. பாதுகாப்புத் துறையின் குடிமைப் பணியாளர்களுடைய ஓய்வூதியமும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. 2022இல் நிரந்தர வீரராகச் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு பையன் ஓய்வூதியம் வாங்கத் தொடங்குவது 2037க்குப் பிறகுதான். அவன் பென்சனை இன்று வெட்டினால் இன்றைய பட்ஜெட்டில் ஒரு ரூபாய் மிச்சமாகாது. பதினைந்து ஆண்டு கழித்து வரப்போகும் சேமிப்பைக் காட்டி இன்றைக்குப் பீரங்கி வாங்க முடியாது.

இரண்டாவது, நவீனமயத்துக்கு ஒதுக்கிய பணம் முழுக்கச் செலவாகிறதா? 2024-25இல் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 1,72,000 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 1,59,500 கோடியாகக் குறைந்தது. 12,500 கோடி ரூபாய் செலவாகாமல் நின்றது. ஒப்பந்தம் இழுபடுவதும் கொள்முதல் முடிவுகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவதும் இதற்குக் காரணம். டெண்டர் கோப்பு மேசையில் தூங்குவதற்குச் சிப்பாயின் பென்சனா பொறுப்பு?

மூன்றாவது, படையின் ஆயத்த நிலை. 2020 முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்சேர்ப்பு முகாம்கள் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. 2021 டிசம்பரில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னபடி, இராணுவத்தில் 7,476 அதிகாரிகளும், அவர்களுக்குக் கீழே 97,177 பேரும் குறைவாக இருந்தார்கள். அக்னிபாத்தின் முதல் ஆண்டில் எடுப்பதாக அறிவித்த எண்ணிக்கையோ 46,000. நேபாள அரசும் தன் கூர்க்கா இளைஞர்களை இந்தத் திட்டத்தின்கீழ் அனுப்ப 2022இலிருந்து ஒப்பவில்லை. கருவி நவீனமாக ஆக, அதை இயக்கும் ஆளுக்குப் பயிற்சியும் அனுபவமும் கூடுதலாகத் தேவை. நான்கு ஆண்டில் ஒருவன் தொழிலைக் கற்று முடிக்கும்போது முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்புவது நவீனமயத்துக்கே எதிரானது. டிராக்டர் வாங்கிவிட்டு, ஓட்டக் கற்றுக்கொண்ட டிரைவரை ஒவ்வொரு அறுவடைக்கும் மாற்றுகிற விவசாயி யாராவது இருக்கிறாரா?

சீருடைக்குள் ஏற்றத்தாழ்வு

வீரர் நலன் பணத்தோடு முடிவதில்லை. முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதில் இராணுவத்தில் மட்டும் 642 பேர். இந்த நிலையில் ஒரே பிளட்டூனில் இருக்கும் நான்கு பையன்களில் ஒருவனுக்குத்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? பக்கத்தில் நிற்பவன் தோழனா, போட்டியாளனா? மேலதிகாரி அநியாயமாக ஒரு வேலை சொன்னால் முடியாது என்று சொல்ல எவனுக்குத் துணிவு வரும்?

இந்த இடத்தில்தான் 'சகாயக்' முறையைப் பற்றிப் பேச வேண்டும். அதிகாரிக்கு உதவியாளாகச் சிப்பாயை ஒப்படைக்கும் பழக்கம் இது. கடற்படையும் விமானப்படையும் இதைக் கைவிட்டுவிட்டன. தரைப்படையில் இன்னும் தொடர்கிறது. நாய்க்கு நடைபழக்குவது, அதிகாரி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது போன்ற வேலைகளுக்குச் சிப்பாய்கள் பயன்படுத்தப்படுவதாகத் தொடர்ந்து புகார் வருகிறது. நாடாளுமன்ற நிலைக்குழுவே இது ஒழிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்கப் படைக்குப் போனவனுக்கு அங்கும் ஒரு பண்ணை வீடு.

படைத்துறைச் சேவைக்கான கூடுதல் படியைப் பாருங்கள். ஏழாவது ஊதியக் குழு அதிகாரிகளுக்கு மாதம் 15,500 என்றும், சிப்பாய்களுக்கு 5,200 என்றும் வைத்தது. கடினமான, ஆபத்தான பணிச்சூழலுக்காகத் தரப்படும் படி இது. அடிப்படைச் சம்பளம் பதவிக்குப் பதவி மாறலாம், புரிகிறது. ஆனால் ஒரே பனியில் ஒரே தோட்டாவுக்கு முன் நிற்பதற்கான விலை எப்படி மூன்று மடங்கு மாறும்? சமப்படுத்துங்கள் என்று கேட்டு முன்னாள் சிப்பாய்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள்.

குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜ்புத், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவினரிடமிருந்து ஆளெடுக்கும் வழக்கத்தை 'பணித் தேவை' என்று இராணுவம் நீதிமன்றத்தில் நியாயப்படுத்தியது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் தலைவருக்குப் பக்கத்தில் நிற்க இன்றும் பிறப்பு ஒரு தகுதி. முப்படைகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடஒதுக்கீடு கிடையாது. அதிகாரிகளில் எத்தனை பேர் எந்தச் சமூகம் என்ற பட்டியலும் வெளியிடப்படுவதில்லை. சாதி பார்ப்பதில்லை என்று சொல்லும் நிறுவனம் கணக்கைக் காட்டப் பயப்பட வேண்டியதில்லை.

'வீரப் பரம்பரை' என்ற பொறி

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவிலும் 'வீரப் பரம்பரை', 'ஆண்ட பரம்பரை' என்று பிளக்ஸ் வைக்கிறார்கள். வீரம் ரத்தத்தில் வருகிறது என்று சொன்ன ராபர்ட்ஸின் பேரப்பிள்ளைகள்தான் இந்த பிளக்ஸ்காரர்கள். 'போர்க்குடி' என்று சிலருக்கு முத்திரை குத்திய அதே வெள்ளை அரசு, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் வேறு சிலருக்குக் கைரேகை வைத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்று சுடப்பட்டார்கள். இரண்டு முத்திரைக்கும் மை ஒன்றுதான்: குணம் பிறப்பால் வருகிறது என்ற நம்பிக்கை. தங்கள் தாத்தாக்கள் மீது பாய்ந்த அந்த நம்பிக்கையை இன்று பெருமையாகச் சுமக்கும் தம்பிகளிடம் இதை நாம் பொறுமையாகப் பேச வேண்டும். ஏனென்றால் நான்கு ஆண்டு முடிந்து வரும்போது அவர்களுக்கும் பென்சன் கிடையாது. பட்டியல் சாதித் தம்பியும் கள்ளர் வீட்டுத் தம்பியும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே ரயிலில்தான் திரும்பி வருவார்கள்.

திரும்பி வந்த பிறகு இருவரின் நிலையும் ஒன்றல்ல என்பதையும் மறைக்க வேண்டாம். முதல் அணி அக்னிவீரர்கள் 2026 இறுதியிலிருந்து வெளியே வரத் தொடங்குவார்கள். கொஞ்சம் நிலம் உள்ள வீட்டுப் பையனுக்கு மாந்தோப்போ திராட்சைப் பந்தலோ காத்திருக்கிறது. நிலமற்றவனுக்கு? அம்மா விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போன அதே பாதை, அல்லது ஏதோ ஒரு ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன் நாற்காலி. சுயதொழிலுக்கு வங்கிக் கடன் தருவோம் என்கிறார்கள். ஜாமீனுக்குப் பத்திரம் கேட்கும் மேனேஜர் முன்னால் யாருக்குக் கடன் கிடைக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1944இல் போர் வீரர்களின் மறுவாழ்வுக்காக ஜி.ஐ. சட்டம் வந்தது. கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அதில் இருந்தன. சட்டத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை. ஆனால் அதை நடைமுறைப்படுத்தியவை உள்ளூர் வங்கிகளும் நிறவெறி கொண்ட கல்லூரிகளும். பெருவாரியான கறுப்பின வீரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். காகிதத்தில் சமமான திட்டம் சமமற்ற ஊருக்குள் வரும்போது இப்படித்தான் ஆகும்.

என்ன கேட்பது?

"நாட்டுக்காகப் போறவன் பென்சன் பாத்தா போறான்?" என்று ஒரு கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வியைக் கேட்பவர் வீட்டில் யார் சிப்பாயாக இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். தேசபக்திக்குச் சம்பளம் கேட்கக் கூடாது என்ற உபதேசம் எப்போதும் கூலிக்காரனுக்கு மட்டும்தான். ஆயுத வியாபாரிக்கு யாரும் அதைச் சொல்வதில்லை.

1951 அக்டோபரில் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது என்று சுட்டிக்காட்டினார். சிப்பாயின் சம்பளத்தைக் குறை என்று அவர் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய படையை வைத்திருக்கும் நிலைக்கு நம்மைத் தள்ளிய வெளியுறவுக் கொள்கையைக் கேள்வி கேட்டார். இராணுவச் செலவைக் குறைக்க உண்மையிலேயே விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது. அண்டை நாடுகளோடு பேசித் தீர்க்கும் ஒவ்வொரு பிரச்சினையும் பட்ஜெட்டில் சேமிப்புதான்.

அதுவரை நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. பணியில் இறக்கும் அக்னிவீரரின் குடும்பத்துக்கு, நிரந்தர வீரரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அனைத்தும் கிடைக்க வேண்டும். 25 விழுக்காடு என்ற வரம்பு உயர வேண்டும். வெளியே வருபவர்கள் துணை இராணுவத்திலோ காவல் துறையிலோ சேர்ந்தால், இந்த நான்கு ஆண்டும் ஓய்வூதியப் பணிக்காலமாகக் கணக்கில் சேர வேண்டும். படைத்துறைச் சேவைப் படி அனைவருக்கும் ஒன்றாக வேண்டும். சகாயக் முறை ஒழிய வேண்டும். சேர்க்கப்பட்டவர்கள், நிரந்தரமாக்கப்பட்டவர்கள், அதிகாரிகள் ஆகிய மூன்றுக்கும் சமூகவாரிப் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். அந்த 25 விழுக்காட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சாதி வேலை செய்கிறதா இல்லையா என்பதை அந்தப் பட்டியல் இல்லாமல் அறிய முடியாது.

தமிழ்நாடு அரசும் கைகட்டி நிற்க முடியாது. திரும்பி வருபவர்களுக்குக் காவல், தீயணைப்பு, வனத்துறைகளில் தரும் இடங்களை ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளும் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடங்களும் ஏற்கெனவே வசதி உள்ளவர்கள் பக்கம் சாயும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வருபவனுக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்க வேண்டும், விடுதி இடமும் உதவித்தொகையும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மைதானத்தில் ஓடுகிற தம்பிகளைப் போகாதே என்று தடுக்க நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு மாற்று வேலை நம் கையில் இல்லை. ஆனால் கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போடலாம். பத்தாவது முடித்துப் போகிறவன் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. பன்னிரண்டு முடித்தவனுக்குப் பணிக்காலப் பயிற்சியையே பாதி மதிப்பெண்ணாக ஏற்கும் பட்டப்படிப்பை இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது. சேர்ந்த முதல் ஆண்டிலேயே அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சேவா நிதி வரும்போது அதில் எவ்வளவு வீட்டுக்கு, எவ்வளவு படிப்புக்கு என்று பெற்றோரோடு முன்பே பேசச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு தோழர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் போதும்.

ஒன்றிய அரசுக்குப் புதிய பீரங்கி வேண்டுமென்றால் வாங்கட்டும். அதற்கான பில்லை நிலமற்ற ஒரு தாயின் வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டாம் என்று சொல்வோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம். 

ஜெய் பீம்!